சம்பங்கியின் வலது காது

ஜவளகிரிக் காட்டை ஒட்டிய நிலங்களில் ராகிக் கதிர் முற்றும் சமயத்தில் யானை இறங்கும். அதற்காகவே நாராயணப்பன் லைசென்ஸ் எடுத்து ஒரு துப்பாக்கி வைத்திருந்தான். குழல் வாயில் மருந்தை இடித்துச் சுடுகிற பழைய வகை. யானையைக் கொல்வதற்காக அல்ல, சத்தம் காட்டி விரட்டுவதற்காக. அந்தக் கார்த்திகையில் ஒரு சாயங்காலம் அவன் மனைவி சம்பங்கி களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் எடுத்துக்கொண்டு காவல் பரணுக்குப் போனாள். ஏணியில் அவள் தலை பரண் மட்டத்துக்கு வந்தபோது கிழக்கு மூலையில் கதிர்கள் அசைந்தன. நாராயணப்பன் பின்னால் பார்க்கவில்லை. துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டான். குழலின் வாய் சம்பங்கியின் வலது காதுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

யானைகள் போய்விட்டன. குழம்புச் சட்டி கீழே விழுந்து உடைந்தது. சம்பங்கி ஏணியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கணவனின் வாய் அசைவது தெரிந்தது, பேச்சு வரவில்லை. அவன் அவள் கையைப் பிடித்து மேலே தூக்கி உட்காரவைத்தான். கொஞ்ச நேரம் கழித்து இடது காதில் அவன் குரல் தூரத்திலிருந்து கேட்டது.

"ஒண்ணுமில்ல. காது அடச்சிருக்கும். காலீல சரியாப் போயிடும்."

காலையில் அடைப்பு பாதி விலகியிருந்தது. அதற்குள்ளிருந்து வேறொரு சத்தம் வந்தது. சில்வண்டு கத்துவதுபோல மெல்லியதாக, நிற்காமல் ஒரே சுருதியில் கேட்டது. வண்டு வீட்டுக்குள் புகுந்துவிட்டது என்றுதான் சம்பங்கி முதலில் நினைத்தாள். விறகு அடுக்கைக் கலைத்துப் பார்த்தாள். குதிருக்குப் பின்னால் விளக்குமாற்றால் தட்டினாள். கூரை மூங்கில்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். பிறகு வாசலுக்கு வந்தாள். அங்கேயும் கேட்டது. களத்துமேட்டுக்குப் போனாள். கூடவே வந்தது. அப்போதுதான் அது எங்கே இருக்கிறது என்று புரிந்தது.

அவர்கள் வீட்டில் அப்போது இருவர்தான். ஒரே மகள் காவேரியை முந்தைய தையில் ஊத்தங்கரைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பேச ஆளில்லாத வீட்டில் காதுச் சத்தம் பெரிதாகத் தெரிந்தது. பகலில் வேலையில் மறக்கலாம். படுத்தால் முடியாது. வலது பக்கம் சாய்ந்து படுத்தாலும் இடது பக்கம் சாய்ந்து படுத்தாலும் அது அதே அளவில் கத்தியது.

முதல் மருந்தைப் பக்கத்து வீட்டு மாரம்மா சொன்னாள். மாரம்மா நாராயணப்பனின் அண்ணன் மனைவி. ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் அவளிடம் ஒரு மருந்து இருக்கும்.

"நல்லெண்ணெய்ல நாலு பல்லு பூண்டத் தட்டிப்போட்டுக் காய்ச்சு. கை பொறுக்குற சூட்டுல ரெண்டு சொட்டு வுடு. எங்கம்மாவுக்கு ஒரே வாரத்துல நின்னுபோச்சு" என்றாள்.

நாராயணப்பனே அடுப்பு மூட்டினான். பூண்டைத் தட்டினான். எண்ணெயைக் காய்ச்சிப் புறங்கையில் விட்டுச் சூடு பார்த்து அவள் காதில் ஊற்றினான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அடுப்பு மூட்டி அவள் பார்த்ததில்லை. சூடு இதமாக இருந்தது. வண்டு கத்தியது.

அதற்குப் பிறகு அவன் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தான். பழுத்த எருக்கிலையில் நெய் தடவி, தணலில் வாட்டி, பிழிந்து விடச் சொன்னார்கள். அதைச் செய்தான். துளசிச் சாறு விட்டான். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து காதைச் சுற்றி ஒத்தடம் கொடுத்தான். ஓமத்தைத் தணலில் போட்டுப் புகை காட்டினான். ஆனேக்கல்லில் ஒரு பண்டிதர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு வண்டி கட்டிக்கொண்டு போனான். பண்டிதர் நாடி பார்த்து, வாயு ஏறியிருக்கிறது என்று கன்னடத்தில் சொல்லி, புளியையும் கத்தரிக்காயையும் நிறுத்தச் சொன்னார். சம்பங்கி மார்கழி முழுக்கப் புளியில்லாத கொள்ளு ரசத்தோடு களி தின்றாள்.

எப்படி வந்தது என்று யார் கேட்டாலும் நாராயணப்பன் ஒரே பதில் சொன்னான். "பனிக்காத்து அடிச்சிடுச்சு." பரணில் நடந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சம்பங்கியும் அதை மறுக்கவில்லை. பனிக்கு ஏற்ற மருந்துகளே வந்துகொண்டிருந்தன.

தை பிறந்தபோது சந்தையில் ஒரு மாட்டுத் தரகன் புது மருந்து சொன்னான். மிளகாய் விதையைப் போட்டு எண்ணெய் காய்ச்சி விட வேண்டும், எரியும், எரிந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும் என்றான். நாராயணப்பன் அதையும் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"வேணாங்க" என்றாள் சம்பங்கி. "போதும்."

"ஒரே ஒரு சொட்டு. இதுல நிக்கலன்னா வுட்டுடறேன்."

"நிக்காது."

"நிக்காதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்? படு."

படுத்தாள். அவன் விட்டான். அவள் போட்ட அலறலில் மாரம்மா ஓடி வந்தாள். அடுத்த நாள் காது வீங்கியது. அதற்கடுத்த நாள் சீழ் வந்தது. வலி வந்த பிறகும் வண்டு நிற்கவில்லை. வலிக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் தளி வரை வண்டியிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் ஓசூருக்குப் போனார்கள். அங்கே கிருபாராணி என்ற டாக்டரம்மா தன் வீட்டின் முன்னறையில் வைத்தியம் பார்த்தார். தெற்குச் சீமைக்காரர். பேச்சு வேறு மாதிரி இருந்தது. சின்ன விளக்கு வைத்துக் காதுக்குள் பார்த்தவர் பஞ்சால் துடைத்துத் துடைத்து வெளியே போட்டார். பச்சையும் கறுப்புமாக வந்தது.

"ஏம்மா, காதுக்குள்ள சமையலா பண்ணுனீங்க?" என்றார்.

சம்பங்கிக்குச் சிரிப்பு வந்தது. நாராயணப்பன் தரையைப் பார்த்தான்.

"இரைச்சல் எப்பத் தொடங்குச்சு?"

"பனிக் காலத்துலங்க" என்றான் நாராயணப்பன். "காத்து அடிச்சு..."

"துப்பாக்கிச் சத்தத்துல" என்றாள் சம்பங்கி. "காதுக்கிட்ட சுட்டாரு. யானை வந்துச்சு."

டாக்டரம்மா நாராயணப்பனை ஒரு தடவை பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"புண்ணு ஆறிரும். மருந்து தாரேன். ஆனா அந்த இரைச்சலுக்கு எங்கிட்ட மருந்து கிடையாது. வேற யாருகிட்டயாவது இருக்குன்னு சொன்னா நம்பாதீங்க. சில பேருக்குத் தானாக் குறையும். சில பேருக்கு அப்படியே இருக்கும், போகப்போகப் பழகிரும். இனிமே ஒரு சொட்டுத் தண்ணி கூட உள்ள ஊத்தப்படாது."

வெளியே வந்ததும் நாராயணப்பன், "இத சொல்றதுக்கா இத்தினி தூரம் வந்தோம்" என்றான். காரணம் வெளியே வந்துவிட்டதால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. அவனுக்கு அப்படி இல்லை. பஸ் வரும்வரை அவளுக்கு நாலடி தள்ளியே நின்றான்.

பஸ்ஸில் இன்ஜினுக்குப் பக்கத்து சீட்டு கிடைத்தது. தகரமும் கண்ணாடியும் நடுங்க வண்டி கிளம்பியது. மத்திகிரி தாண்டுவதற்குள் சம்பங்கி தூங்கிவிட்டாள். தளியில் கணவன் தோளைத் தட்டி எழுப்பவேண்டியிருந்தது. இரண்டு மாதங்களில் அவள் அப்படித் தூங்கியதில்லை.

"மருந்து வேல செய்யுது" என்றான் அவன்.

பஸ் திரும்பிப் போனது. தூசி அடங்கியது. வண்டு மறுபடி தொடங்கியது. மருந்து வேலை செய்யவில்லை, பஸ்தான் வேலை செய்தது என்று சம்பங்கிக்கு அப்போதே தோன்றிவிட்டது. அதை அவனிடம் சொல்லவில்லை.

புண் ஆறியது. அதற்குள் சம்பங்கி தன் காதைக் கவனிக்கப் பழகியிருந்தாள். ஓடைக் கரையில் துணி துவைக்கும்போது வண்டு தண்ணீரின் சத்தத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மூங்கில் தூறுகளில் காற்று அடிக்கும்போதும் அப்படித்தான். துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டு ஓடையில் உட்கார்ந்திருந்தாள். மாசி நடுவில் ஓடை வற்றியது. காற்றும் நின்றது. பிறகு அவளுக்கு வீட்டுக்குள் இருந்த ஒரே சத்தம் ராகிக்கல்தான்.

ராகிக்கல் சுற்றும்போது வரும் கரகரப்பில் வண்டு மங்கியது. அவள் அரைத்தாள். விடியலில் அரைத்தாள், மத்தியானம் அரைத்தாள். மாவு பானைகளில் நிறைந்து, கூடைகளில் நிறைந்து, கடைசியில் மகள் விட்டுப்போன துணிப்பெட்டிக்குள் போனது.

"ஊருக்கே களி கிண்டப் போறியா?" என்று மாரம்மா சிரித்தாள்.

நாராயணப்பன் சிரிக்கவில்லை. "புழு வெக்குது. வெத ராகி கூட மிச்சம் வெக்காம அரைச்சிருக்க. உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினான். அவள் கல்லின் பிடியை விட்டுவிட்டு உள்ளங்கையைப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது.

"இது சுத்துனாத்தாங்க ரவ நேரம் அடங்குது" என்றாள்.

அவன் கத்துவதை நிறுத்தினான். வெளியே போய் நெடுநேரம் கழித்து வந்தான். வரும்போது கையில் இலை, வேர் எதுவும் இல்லை. அதுவே புதிதாக இருந்தது.

பங்குனியில் சரசம்மா வீட்டிலிருந்து மாரம்மாவுக்குச் சேதி வந்தது. சரசம்மாவும் அவள் புருஷன் தீர்த்தகிரியும் மைசூர்ப் பக்கத்திலிருந்து பட்டுப்புழு வளர்ப்பைக் கற்றுக்கொண்டு வந்து, ஊருக்கு மேற்கே மல்பெரி போட்டிருந்தார்கள். அதற்காக முந்தைய வருஷம் புதுக் கிணறு வெட்டினார்கள். அந்தக் கோடையில் நாராயணப்பன் கிணற்றில் தண்ணீர் இறங்கியது. அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. இப்போது தீர்த்தகிரி காய்ச்சலில் விழுந்துவிட்டான். புழுக்கள் கடைசித் தோலை உரித்துவிட்டு அகோரப் பசியில் இருந்தன. இலை பறிக்க ஆள் வேண்டும்.

"நீயும் வாடி" என்றாள் மாரம்மா. "அவங்க அவங்க கிணத்துச் சண்டைய ஆம்பளைங்க பாத்துக்கட்டும். வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்குது."

இரண்டு பேரும் காலையிலிருந்து இலை பறித்தார்கள். வெயில் ஏறியதும் சம்பங்கி ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு புழுக் கொட்டகைக்குள் போனாள். உள்ளே இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. மூங்கில் தட்டுகள் அடுக்கடுக்காகக் கூரை வரை நின்றன. சரசம்மா இலையை வாங்கித் தட்டுகளில் பரப்பினாள். கொஞ்ச நேரத்தில் மழை பெய்ய ஆரம்பித்தது.

சம்பங்கி வாசலுக்கு வந்து பார்த்தாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே திரும்பினாள். மழை பெய்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் இலையைக் கடிக்கும் சத்தம். ஓலைக் கூரைமேல் தூறல் விழுவதுபோல, எங்கும் ஒரே சீராக இருந்தது. வண்டைத் தேடிப் பார்த்தாள். மிகவும் கவனித்தால்தான் அகப்பட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அவள் கண் விழித்தபோது கூடை நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. தலைக்கு அடியில் மடித்த கோணி இருந்தது. சரசம்மா எதிரே உட்கார்ந்து தட்டிலிருந்து காம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சம்பங்கி பதறி எழுந்தாள். "வேலைக்கு வந்து தூங்கிட்டேன்."

"கூத்கோ, கூத்கோ" என்று சரசம்மா கன்னடத்தில் சொல்லி, கையால் உட்காரச் சொன்னாள். பிறகு தமிழுக்கு வந்தாள். "மாரம்மா சொன்னா. காதுல ஏதோ சத்தம்னு. என்ன மாதிரி கேக்குது?"

இத்தனை மருந்து சொன்னவர்களில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

"சில்வண்டு மாதிரிக்கா. ஆனா வண்டுன்னா நடுவுல மூச்சு வுடும். இது வுடாது."

"இங்க கேக்குதா?"

"கேக்குது. ஆனா தூரமாப் போயிடுச்சு."

"அப்பிடின்னா தெனமும் வா. எனக்கு எலை ஆவும், உனக்குத் தூக்கம் ஆவும்."

அன்று சாயங்காலமே நாராயணப்பனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் வாசலில் நின்று கேட்டான்.

"யார் வூட்டுக்குப் போன?"

"சரசம்மாக்கா வூட்டுக்கு."

"நம்ம கிணத்த வத்த வெச்சவன் வூட்டுல கூலிக்கு எலை பறிக்கறியா? நமக்கு நிலம் இல்லையா? பாக்கறவன் என்ன சொல்வான்?"

சம்பங்கி தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள். "நீங்க கொண்டுவந்த எல்லாத்தையும் ஊத்திக்கிட்டேன். பூண்டு, எருக்கு, மொளகா வெத. ஒரு நாளாச்சும் வேணான்னு எழுந்து ஓடுனேனா? இது ஒண்ணு நானா கண்டுபிடிச்சது. நாளைக்கும் போவேன்."

"நான் என்ன வேணும்னா சுட்டேன்?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. நாலு மாதத்தில் அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நான் அப்பிடிச் சொன்னேனா?" என்றாள் அவள்.

"சொல்லல. சொல்லியிருந்தா தேவல."

அவன் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாள் அவள் கிளம்பியபோது தடுக்கவில்லை.

புழுக்கள் பழுத்து மஞ்சளாகின. அவற்றைப் பொறுக்கிக் கூடு கட்டும் மூங்கில் பாய்களில் விட்டார்கள். தின்பது நின்றது. கொட்டகை அமைதியானது. சம்பங்கி வீட்டுக்குத் திரும்பி வந்தாள், வண்டும் வந்தது. சரசம்மா அடுத்த புழு முட்டை ஒட்டிய அட்டையை வாங்கிவந்து, அது பொரித்து, குஞ்சுகள் பெரிதாகிச் சத்தம் கொடுக்கும் வரை அவள் மறுபடி ராகிக்கல்லைச் சுற்றினாள். இந்தத் தடவை கல்லில் எதுவும் போடவில்லை. வெறும் கல் சுற்றியது. நாராயணப்பன் அதைப் பார்த்துவிட்டுக் களத்துக்குப் போனான்.

இரண்டாவது தடவை வேலை முடிந்தபோது சரசம்மா ஒரு கட்டு மல்பெரிக் குச்சிகளை வெட்டிக்கொடுத்தாள். "ஆனி மழைக்கு நடு. உன் கொட்டகைல எப்ப மழை பெய்யணுமோ அப்ப பெய்ய வெச்சுக்கோ" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த கால் காணியில் சம்பங்கி குச்சிகளை நட்டாள். ஆனியில் இரண்டு மழை பெய்தது. துளிர் விட்டது. ஆடியில் மழை ஏமாற்றியது. துளிர்கள் துவண்டன. நாராயணப்பன் கிணற்றுத் தண்ணீரை ராகி நாற்றுக்குத் திருப்பியிருந்தான். "புழுத் தழைக்கு என் கிணத்துல தண்ணி இல்ல" என்று முன்பே சொல்லியிருந்தான். அவள் அவனிடம் தண்ணீர் கேட்கவில்லை. ஊர்க் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றினாள். ஒரு செடிக்கு ஒரு செம்பு. கழுத்து வலித்தது. மாரம்மா ஒரு நாள் கூடச் சுமந்தாள், அடுத்த நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு காலையில் சம்பங்கி குடத்தோடு போனபோது வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நாற்றங்கால் மடை மண் போட்டு அடைக்கப்பட்டிருந்தது. கிணற்று மேட்டில் நாராயணப்பன் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்தான். மாடுகளைப் பின்னால் நடத்தி, முன்னால் ஓட்டி, நீர்ச் சால் நிறைந்து கவிழ இறைத்தவன் அவள் பக்கம் பார்க்கவில்லை. அவள் குடத்தை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக் கடைசி வரிசை வரை தண்ணீரைக் கொண்டுபோனாள்.

அந்த ஆவணியில் அவன் தீர்த்தகிரி வீட்டுக்குப் போய்வந்தான். கிணற்றைப் பற்றி என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது புழுத் தட்டு முடையும் ஒரு ஆளின் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்தான்.

அடுத்த வருஷம் சித்திரையில், வீட்டை ஒட்டிப் புதிதாகப் போட்ட கொட்டகையில் அவர்களுக்கு முதல் வளர்ப்பு. பாதிப் புழுக்கள் பால் போல வெளுத்து வீங்கிச் செத்தன. சம்பங்கி அவற்றைப் பொறுக்கிக் குழியில் போட்டு மூடினாள். மீதிப் பாதி பிழைத்துத் தின்றது. சரசம்மா வீட்டு அளவு மழை இல்லை, தூறல்தான். அதற்கே அவள் தட்டுகளுக்கு நடுவில் பாய் போட்டுத் தூங்கினாள். நாராயணப்பன் இலை போட வந்தவன் கொஞ்சம் உட்கார்ந்தான்.

"இப்பவும் கேக்குதா?" என்றான்.

"கேக்குது."

"எத்தினி?"

"ரவ. கூப்புட்டா வர்ற தூரத்துல இருக்குது."

அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு அவன் காதைப் பற்றி அடிக்கடி கேட்கவில்லை. கேட்டபோது அவள் உள்ளதைச் சொன்னாள். சில மாதங்களில் அதிகம், சில மாதங்களில் குறைவு. வளர்ப்பு இல்லாத நாட்களிலும் வர வர அவளால் தூங்க முடிந்தது. எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

மாரம்மா மட்டும் சும்மா இருக்கவில்லை. சம்பங்கிக்குக் காது சரியானது மல்பெரியால்தான் என்று சந்தையில் சொல்லிவைத்தாள். அது ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தபோது, மல்பெரி இலையைப் பிழிந்து காதில் விட்டால் இரைச்சல் நிற்கும் என்று ஆகியிருந்தது. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஜூஜுவாடியிலிருந்து இன்னாசிமுத்து என்ற லாரி டிரைவர் வந்தார். வலது கதவுப் பக்கம் ஹாரன் கேட்டுக் கேட்டுக் காது போனது என்றார். கழுத்தில் சிலுவைக் கயிறு, கையில் சாறு வாங்கிப்போக ஒரு சீசா.

"அண்ணா, காதுல ஒண்ணும் ஊத்தாதீங்க" என்றாள் சம்பங்கி. "உள்ள வந்து ரவ நேரம் உக்காருங்க."

அவர் கொட்டகைக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். புழுக்கள் தின்றுகொண்டிருந்தன. அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். முகம் மெல்லத் தளர்ந்தது. நாராயணப்பன் வாசலில் நின்று அதைப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் இன்னாசிமுத்து கடைசியில். "சரிம்மா, மருந்த எப்பக் குடுப்பீங்க?"

"இதாண்ணா மருந்து."

அவர் தட்டுகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏமாற்றப்பட்டவர்போல எழுந்தார். "அத்தினி தூரத்துலேர்ந்து வந்திருக்கேன். ஒரு பிடி தழையாச்சும் குடுங்க."

சம்பங்கி வாயைத் திறப்பதற்குள் நாராயணப்பன் முந்திக்கொண்டான். "தர மாட்டோங்க. தந்தா ஊத்திக்குவீங்க. ஊத்துனா சீழ் வரும். ஓசூர்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்க, அவங்ககிட்டக் காட்டுங்க. அவங்களும் மருந்து இல்லன்னுதான் சொல்வாங்க. அதையும் கேட்டுட்டு, தூக்கம் வரலன்னா இங்க வந்து படுத்துக்குங்க."

இன்னாசிமுத்து முணுமுணுத்துக்கொண்டே போனார். வேலி ஓரம் நின்ற செடியில் அவர் ஒரு கொப்பை ஒடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டதைச் சம்பங்கி பார்த்தாள். கூப்பிட்டுச் சொல்லலாமா என்று யோசித்தாள். அதற்குள் நடுத்தட்டுப் புழுக்கள் காம்பு வரை தின்று முடித்துத் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. அவள் இலைக் கூடையை எடுத்தாள்.